ஏசித் தண்ணீரில் பூத்த தும்பை

ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய் தேராவுக்கு வரும் வேனில், ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரே தொழிலாளர் கேம்ப்பைச் சேர்ந்த இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்ததும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“ஃபோர்மேன் முருகேசண்ணன் வச்ச தும்பை இன்னும் பூத்துக் கெடக்குண்ணே. பாத்தா ஒரு மாதிரியா இருக்கு.”

“தும்பைதானே. ஊர்ல மேய்ச்சக் காட்டுல தானா மொளைக்கிறது.”

“அது ஊர்ல. இங்க இந்த வெயில்ல புல்லே கருகிப் போச்சு.”

“எவனாச்சும் தண்ணி ஊத்துவான்.”

“அவரு ரூமுக்குப் பின்னாடி யாரு போறா? ஏசித் தண்ணி சொட்டுற எடமாப் பாத்து வெதை போட்டாரு. அதுக்கு வேற தண்ணியே கெடையாது.”

“அப்ப ஏசி ஓடுது.”

“அவரு லீவுல போயி பதினஞ்சு நாளாச்சுண்ணே. ரூம் பூட்டிக் கெடக்கு.”

“நிறுத்த மறந்திருப்பான். ஊருக்குப் போயி ஃபோன் பண்ணானா?”

“இல்லண்ணே. வீட்டுக்குச் சொல்லாம திடுதிப்புனு போயி நிக்கப் போறேன்னாரு. அங்க தேட மாட்டாங்க.”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின் இளையவரே கேட்டார்.

“ஏர்போர்ட்ல விட்டப்ப உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

“நான் எங்க விட்டேன்? அன்னிக்கு எனக்கு டூட்டி. நீதானே கூட்டிட்டுப் போனே?”

“இல்லண்ணே.”

தேரா வந்ததும் மற்ற எல்லோரும் இறங்கினோம். அவர்கள் இருவரும் இறங்கவில்லை; வேன் எப்போது திரும்பிப் போகும் என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.