நூற்றுப் பதினேழாவது இலக்கம்

கணினி அறையின் கடைசி இயந்திரத்தை அணைக்காமல் போவது யார் என்று அறிவிப்புப் பலகையில் கேட்டிருந்தீர்கள். நான்தான். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கென்று தனியாக ஓர் அறிவிப்பு ஒட்டி நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

அந்த இயந்திரம் முன்பு மீதியண்ணனுடையது. கணிதத் துறை ஆய்வு மாணவர். எதைச் சொன்னாலும் "மீதி என்ன?" என்று கேட்பார், அதனால் அந்தப் பெயர். நான் முதலாண்டில் இருந்தபோது ஒரு கணக்கைக் கரும்பலகையில் எடுத்தெழுதினேன். நடுவில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உனக்குப் பார்த்து எழுதக்கூட வராதுடா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கிண்டல்தான்.

பதிலுக்கு நானும் ஒன்று செய்தேன். நூறு இலக்கப் பகா எண்கள் இரண்டைத் தேடிப் பிடித்துப் பெருக்கினேன். பெருக்குவது நொடி வேலை. விடையிலிருந்து அந்த இரண்டையும் மீட்பது ஆயுள் வேலை. பெரிய எண்களின் குணம் அது. பகு எண் என்று சில நிமிடங்களில் நிரூபித்துவிடலாம், எதனால் வகுபடும் என்று மட்டும் தெரியாது. குற்றம் உறுதி, குற்றவாளி யாரென்று தெரியாது என்பது மாதிரி.

அந்த இருநூறு இலக்கங்களையும் பழுப்பேறிய தாளில் என் கையால் எழுதி, "இதன் இரு காரணிகளைக் கண்டவனுக்கு மீதி புரியும்" என்று அடியில் சேர்த்தேன். தாளை, காலமான ஒரு பேராசிரியர் நூலகத்துக்குத் தந்த புத்தகத்துக்குள் வைத்தேன். மறுவாரமே அண்ணன் அந்தப் புத்தகத்தை எடுத்தார். காரணிகள் இருந்த சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது.

ஒரு வாரத்தில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் நானும் ஆய்வு மாணவனாகிப் பக்கத்து நாற்காலிக்கே வந்துவிட்டேன்.

அந்த எண்ணுக்காக அவர் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமைதோறும் "இந்த வாரத்தோட முடிஞ்சிடும்டா" என்பார். சோர்ந்துபோன நாட்களில் காபி வாங்கிக் கொடுத்துத் தேற்றியது நான்தான். அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் அவரைப் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு இதயத்தில் அடைப்பு என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அண்ணி என்னைத் தேடி இந்த அறைக்கே வந்தார்.

"தம்பி, நீங்க சொன்னா கேப்பாரு. அந்த நம்பரை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க."

சீட்டை எடுத்து நீட்ட எவ்வளவு நேரமாகும். ஆனால் ஒருவருடைய ஆறு ஆண்டு உழைப்பைப் பாதியில் கெடுப்பது நியாயமாகப் படவில்லை.

"இன்னும் பத்து நாள் குடுங்க அண்ணி. கிட்ட வந்துட்டாரு."

அண்ணி நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் காலை அண்ணன் அந்த நாற்காலியிலேயே இறந்துகிடந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மரியாதைக்காக, சீட்டிலிருந்த இரண்டையும் அந்த இயந்திரத்திலேயே பெருக்கி, அவரிடமிருந்த தாளோடு ஒப்பிட்டேன். நூற்றுப் பதினேழாவது இலக்கம் பொருந்தவில்லை. பெருக்கலில் மூன்று, தாளில் எட்டு. நான்தான் பார்த்து எழுதும்போது மாற்றியிருக்கிறேன்.

ஆக, என்னிடமும் விடை இருந்ததில்லை. தவறாக எழுதிய எண் வழக்கமாக மூன்றாலோ ஏழாலோ வகுபட்டுச் சிதறிவிடும். இது சிதறவில்லை. பகு எண்தான், நானே சோதித்தேன். காரணி ஒன்றுகூட அகப்படவில்லை. சில சமயம் கடைசி வரிசையிலிருந்து யாரோ மெதுவாக "மீதி என்ன?" என்று கேட்பது போலிருக்கும். இயந்திரத்தின் விசிறிதான் அது.

அண்ணனைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இயந்திரத்தை மட்டும் இப்போது அணைக்க வேண்டாம். எனக்கு அதில் பிடிவாதம் ஒன்றும் இல்லை. இந்த வாரத்தோடு முடிந்துவிடும்.