விளக்கணைக்கப் போனவர்

மாலை ஏழு மணி. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல் நாள். நாற்பத்திரண்டாம் ஆண்டு, யுத்த காலம்... கொழும்பில், கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து துறைமுகப் பக்கம் சரிந்து இறங்குகிற ஒரு ஒழுங்கை. இரு புறமும் பூட்டிய பண்டசாலைகள், இடையில் நாலைந்து வீடுகள். தெரு விளக்கு இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை.

அந்த ஒழுங்கையில் நவரத்தினம் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். நம் கூட்டாளி புவாத்தின் வாப்பாவோடு கோட்டையில் ஒரே கந்தோரில் வேலை பார்த்தவர் இந்த நவரத்தினம். யாழ்ப்பாணத்து மனிதர். பேய், பிசாசு என்று கதைத்தால் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவர்தான் இதைச் சொன்னார்... அதுவும் ஒரே ஒரு தடவை.

பகலெல்லாம் கந்தோர். பொழுது பட்டால் தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில். வார்டன் வேலை. ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனதிலிருந்து, இரவில் கொழும்பு இருண்டு கிடக்க வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் போய் அணைக்க வைப்பது அவர் பொறுப்பு. மாதக் கணக்கில் நல்ல தூக்கம் இல்லை. நடக்கும்போதே கண் சொக்கும். கால் தானாகப் போகும்.

ஒரு வீட்டு யன்னலில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

பேர்ணடெற்றின் வீடு. கைம்பெண். ஒரே மகன் கப்பலில் போனவன், செய்தி இல்லை. வாசல் நிலைக்கு மேலே பச்சைச் சவுக்குக் கிளை கட்டியிருந்தாள். மேசையில் இரண்டு தட்டு. வீட்டில் அவள் ஒருத்திதான்.

“அக்கா, திரியை நூருங்கோ.”

“இண்டைக்கு மட்டும் விடுங்கோ ஐயா. வாறவைக்கு வழி தெரிய வேணுமெல்லோ.”

“ஆர் வரப்போகினம்?”

“தெரியா. எங்கட அம்மா இப்பிடித்தான் வச்சவ. அவவின்ட அம்மாவும் வச்சவ. ஒரு தட்டு கூடுதலா வச்சு, யன்னல்ல வெளிச்சமும் வைக்க வேணும்... வெளியில நிக்கிறவையை இருட்டில விடக்கூடாதாம்.”

“வெளியில பிளேன்காரனும்தான் நிக்கிறான்,” என்றார். கோபம் இல்லை, அலுப்பு. யன்னலுக்குள் கையை நீட்டித் திரியை விரலால் நசுக்கினார். உருகிய மெழுகு விரலில் சுட்டது. இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

அவர் நடந்தார்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் துறைமுகத்து மதில் இருக்க வேண்டும். மதில் வரவில்லை. சரிவு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் பாரந்தூக்கியின் கிறீச்... கிறீச்... அது சட்டென்று நின்றது. பண்டசாலைகளிலிருந்து வந்துகொண்டிருந்த கருவாட்டு மணம் போய்விட்டது. அதற்குப் பதில் குங்கிலியம் புகைந்தது போல ஒரு வாசம். காலடியில் நறுக், நறுக்கென்று ஏதோ நொறுங்கியது, உப்புக் குவியலில் நடப்பதுபோல. குனிந்து தொட்டார். மெழுகு சுட்ட விரல் குளிரில் மரத்துப் போனது.

முன்னால் செக்கச் செவேலென்று வெளிச்சம்.

மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு குடில். கூரை வழியே புகை. ‘எந்த மடையன் இவ்வளவு நெருப்பு வைத்திருக்கிறான்?’ என்று முணுமுணுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். வாசலுக்கு மேலே பச்சைக் கிளை கட்டியிருந்தது.

உள்ளே நடுவில் நெருப்பு. ஒரு முழு மரத்தடி கிடந்து கனன்றது. சுற்றிலும் தோல் போர்த்த மனிதர்கள் சுருண்டு தூங்கினார்கள். பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நாய்க்குட்டிகள் மாதிரி. சட்டி எல்லாம் மண். கத்தி கல். இரும்பு என்று அவர் தலையில் இருந்த தொப்பி மட்டும்தான். சிலுவை இல்லை. யேசு பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முந்திய இடம் அது என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒருத்தி மட்டும் விழித்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. நெருப்புக்கு மறுபக்கம் ஒரு வெறும் பலகை, அதன் முன்னே ஒரு மண் சட்டியில் கூழ், மேலே தேன். அதை நகர்த்தி வைத்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

“நெருப்பை நூருங்கோ,” என்றார். யாரும் திரும்பவில்லை. விசிலை எடுத்து ஊதினார். ஒரு குழந்தைகூடப் புரளவில்லை.

அப்போதுதான் விளங்கியது. அப்பாவின் திவசத்தன்று வீட்டில் மனைவி அன்னபாக்கியம் செய்வதும் இதுதானே. எல்லாம் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பார்க்காமல் நிற்பது... இது படையல். தின்ன வருகிறவன் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

அந்த வீட்டுக்கு வந்திருப்பது, அவர்.

பயப்படத்தான் வேண்டும். ஆனால் அவ்வளவு களைப்பு. பலகையில் உட்கார்ந்தார். இரு பக்கமும் இன்னும் ஆட்கள் இருப்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நெருக்கமாக. தோள் தோளோடு பட்டது. ஈர மண் வாசம். அவர் முகம் திருப்பவில்லை.

எதிரே அந்தப் பெண்ணின் தலை சரிந்தது. திடுக்கிட்டு நிமிர்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி சரியும். அந்தத் தூக்கம் அவருக்குத் தெரிந்த தூக்கம். கண்ணுக்குள் மணல் போட்டது மாதிரி... கடைசியில் அவள் நிமிரவே இல்லை.

நெருப்பு இறங்கியது. சிவப்பு கருஞ்சிவப்பானது. குளிர் வாசல் வழியே தரையோடு ஊர்ந்து வந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. இது அணைந்தால் இந்த வீட்டில் விடிவதற்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

எத்தனை வீட்டு விளக்குகளை அணைத்த மனிதர். எழுந்தார். மூலையில் கிடந்த விறகை எடுத்தார். கனத்தது. நெருப்பில் வைத்து, முழங்காலில் நின்று, தொப்பியால் விசிறினார். புகை கண்ணைக் கரித்தது. பற்றியது.

அவள் விழித்தாள். தான் வைக்காத விறகு எரிவதைப் பார்த்தாள். வெறும் பலகையைப் பார்த்தாள். சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கி, அந்த வெற்றிடத்துக்கு நேரே காட்டினாள்.

பிறகு கூரை ஓட்டையில் வானம் வெளுத்தது. எல்லாரும் எழுந்தார்கள். பச்சைக் கிளையால் உள்ளிருந்து வாசல் வரை தரையைக் கூட்டினார்கள். அன்பாகத்தான். ஆனால் போகச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. பலகையில் இருந்த மற்றவர்களும் எழுகிற அரவம் கேட்டது.

அடுத்த அடி வைத்தபோது காலடியில் கல் தெரு. பாரந்தூக்கி கிறீச்சிட்டது. கருவாட்டு மணம். எதிரே துறைமுகத்து மதில்.

திரும்பி ஏறினார். பேர்ணடெற் அதே யன்னலில், அதே இருட்டில் நின்றாள். நவரத்தினம் சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். திரியைக் கொளுத்தினார்.

“ஐயா... பிளேன்?”

“எரியட்டும் அக்கா.”

தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். வெளியே ஒரே புழுக்கம், ஒரு இலைகூட அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்னபாக்கியம் கதவைத் திறந்தாள். “என்னப்பா, இப்பதானே போனியள்?” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். தெரு வரைக்கும் பார்த்தாள்.

“ஆர் இவ்வளவு சனம்? உள்ளுக்கு வரச் சொல்லுங்கோவன்... பாவங்கள், குளிரில நடுங்குதுகள்.”