நானூத்திப் பன்னெண்டாம் நம்பர்

ஆமாங்க, அந்தத் தாள்ல உள்ளதெல்லாம் நான் அடிச்சது தான். கீழ பேரு இருக்கே, அழகையா, கணக்கப்புள்ளைன்னு. சிறுத்தை கதையா? அதுவும் தான். டெலிபோன் கம்பியில சிறுத்தை ஏறிப் படுத்திருச்சு, லைன் கெடைக்கல, அதனால நீங்க அனுப்பினத சோதிச்சுப் பாக்கலன்னு கொழும்புக்கு எழுதினேன். சிரிக்காதீங்க தம்பி. நமுனுகுலப் பக்கம் சிறுத்தை எங்க வேணும்னாலும் படுக்கும்.

உக்காருங்க. பதுளையில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டா வந்தீங்க? தேத்தண்ணி சொல்லியிருக்கு.

மத்ததா? பனி கம்ப்யூட்டருக்குள்ள பூந்து எழுத்தெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு ஒரு மாசம். மௌஸுக்குள்ள ரத்தம் குடிக்கிற அட்டை ஏறிருச்சுன்னு ஒரு மாசம். அதுக்கு கொழும்புல இருந்து ஒருத்தர், அட்டைய எடுத்தாச்சான்னு கேட்டு பதில் போட்டிருந்தாரு. நல்ல மனுசன்.

மொறை எனக்குத் தெரியுங்க. ரெண்டாயிரத்து ஆறுல கம்ப்யூட்டர் வந்தப்ப பண்டாரவளையில ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாங்க. இருவத்தி மூணு தோட்டத்து ஆளுங்க பேரும், வேலைக்கு வந்த கணக்கும் ஒரே செக்ரோலு, அது கொழும்புல இருக்கு. எங்க என்ன கோளாறுன்னாலும் ஒரே எடத்துல தான் எழுதணும். நம்பர் விழும். நீங்க சரி பண்ணி, கேட்டவனுக்கே அனுப்புவீங்க. கேட்டவன் பாத்து, சரின்னு பச்சைக் கட்டத்த அமத்தினா தான் எல்லாத் தோட்டத்துக்கும் போகும். அது வரைக்கும் எல்லாரும் காத்துக் கெடக்கணும்.

ஆமா, கேட்டது நான் தான். அவசரம்னு செவப்புல போட்டதும் நான் தான். காத்தாயின்னு ஒரு கொழுந்தெடுக்கிற பொம்பள செத்துப்போச்சு. செக்ரோல்ல பேர வெட்டினேன். விடிஞ்சு ஆளுங்க வரிசையா நிக்கிற பெரட்டுல பேரு கூப்புடப் போனா, தாள்ல திரும்பி வந்து நிக்குது. வெட்டுறேன், திரும்பவும் வருது. ஒரு நாள் பழக்கத்துல வாசிச்சுப்புட்டேன். அதோட மக வரிசையில நின்னுச்சு. கூடைய எறக்கி வச்சுட்டு அழுதுச்சு. எனக்குக் கெட்ட கோவம். செத்தவங்கள வேலைக்குக் கூப்புடுற செக்ரோலு எங்களுக்கு வேணாம்னு அடிச்சேன். அது தான் நானூத்திப் பன்னெண்டு.

ரெண்டு மாசத்துல சரி பண்ணி அனுப்பிட்டீங்க. உங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன்.

வேலை செய்யுதான்னா, செய்யுதுங்க. வந்த அன்னைக்கே ஒத்திகைத் தாள் அடிச்சுப் பாத்தேன். செத்தவங்க பேரு ஒன்னு விடாமப் போயிருச்சு.

நீங்க அனுப்பி அஞ்சு மாசமாச்சு, தெரியும். காத்தாயி மகளுக்காகவாச்சும் அமத்தியிருக்கணும். இப்ப காத்தாயி பேரு வந்தா நான் வாசிக்காம தாவிப் போயிர்றேன். மத்த தோட்டத்துல எத்தனை பேரு தாவுறாங்களோ.

அந்த ஒத்திகைத் தாள்ல ரெண்டு பேரு கொறைஞ்சுச்சு. காத்தாயி ஒன்னு. இன்னொன்னு மாரியாயி. நீங்க சரி பண்ணிக்கிட்டிருந்த ரெண்டு மாசத்துக்குள்ள போயிருச்சு. காச்சல். பதுளை ஆஸ்பத்திரியில மூணு நாள் கெடந்துச்சு. வந்து செக்ரோல்ல பேர வெட்டினதும் நான் தான். கணக்கப்புள்ளை தான வெட்டணும்.

என் வீட்டுக்காரிங்க.

பரவால்ல, உக்காருங்க. வீட்டுல நான் அத பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. முப்பத்திரெண்டு வருசம், இந்தா புள்ளன்னு தான். காலையில பெரட்டுல மட்டும் தான் மாரியாயின்னு வாயில வரும். நான் நிமுந்து பாக்க மாட்டேன். அதுவும் யாரோ மாதிரி, வந்திருக்கேங்கன்னு சொல்லும். இப்ப வாசிச்சா யாரும் ஒன்னும் சொல்றதில்ல. கொஞ்சம் நின்னுட்டு அடுத்த பேருக்குப் போயிர்றேன்.

காத்தாயி பேரத் தான் தாவுவேன். அத தாவுனதில்ல.

தேத்தண்ணி வந்திருச்சு, குடிங்க. இன்னைக்குக் காலையில வாசிச்சாச்சு. அந்தப் பச்சைக் கட்டம் தான் தம்பி, நீங்களே... இல்ல, உங்க பேருல அமத்தினா எடுக்காது. கேட்டவன் தான அமத்தணும். கொஞ்சம் நகருங்க.