ஹரிக்கேனின் கண்ணாடி மூடி

12.12.2025, வெள்ளி. “அது பசை ஆவிடா, கண்ணாடியில படிஞ்சிருக்கும்” என்று நேற்று ஸ்டீபனிடம் முந்திக்கொண்டு சொன்னது என் தப்பு. முழுசாகக் கேட்கவில்லை. இன்று மாலை ஐ.டி.ஐ. வகுப்பில் கரண்ட் போனது. லேத் மெஷின்களுக்கு நடுவே நண்பர்கள் ஐந்து பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். ஸ்டீபன் சொன்னான். அவன் அக்கா புருஷன் இம்மானுவேலுக்கு நடந்தது.

ராத்திரி பதினொன்றே கால்... கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து இம்மானுவேல் வருகிறார். கண் சொருகுகிறது. சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமானங்கள் இறங்கிய பழைய ரன்வே பக்கம், பைக் செயின் கழன்றது. ரோட்டில் நாய்கூட இல்லை. குனிந்தவர் கையில் தட்டுப்பட்டது... உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு. ஐஸ் மாதிரி சில்லென்று. குப்பென்று பெட்ரோல் வாசம். டேங்கைத் தடவிப் பார்த்தார். ஒழுகவில்லை.

தகடு அவருக்கு வேண்டித்தான் இருந்தது. மகள் சோனியாவுக்கு ஒன்பது வயது. வீசிங். ராத்திரியானால் நெஞ்சு விசிலடிக்கும். ஓடி விளையாட முடியாது. அவளுக்காகப் பழைய சாமான் கடையில் ஹரிக்கேன் என்ற அதே யுத்த காலத்துப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் கிட் ஒன்று வாங்கியிருந்தார். காலையில் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுவார்கள். பெட்டியில் பைலட் சீட் மட்டும் இல்லை.

தகட்டில் நகத்தளவு சீட் வெட்டினார். சோனியா இடுக்கியால் உள்ளே வைத்தாள்.

“பைலட்டு எங்க நைனா?”

“லீவுல கீறாரு. நீ மூடிய ஒட்டு.”

அன்று ராத்திரி விசில் இல்லை. “ஸ்தோத்திரம்” என்று அவர் மனைவி மோனிகா நிம்மதியாகப் படுத்தாள். இம்மானுவேல் அலமாரியில் இருந்த விமானத்தைப் பார்த்தார். கண்ணாடி மூடிக்குள் வெள்ளையாகப் பனி. பசை ஆவி என்றுதான் அவரும் நினைத்தார். பார்க்கப் பார்க்க அது கரைந்தது... மறுபடி படிந்தது... கரைந்தது. பாயில் சோனியாவின் நெஞ்சு ஏறும்போது கரைந்தது. இறங்கும்போது படிந்தது.

காலையில் அவளே சொன்னாள்: “உள்ள இருக்கிறவருக்கு மூச்சு முட்டுது நைனா. எனக்கு முட்டல.”

மூன்றாம் ராத்திரி தாங்காமல் மூடி ஓரத்தில் பிளேடை வைத்தார். ‘டிக்’. பாயில் மூச்சு நின்றது. பிள்ளை உதடு நீலமானது... பிளேடை வீசிவிட்டுக் கட்டைவிரலால் மூடியை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே நின்றார். ‘ஹா’ என்று சோனியா மூச்சை இழுத்தாள். கண் விழிக்கவேயில்லை.

அதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. மூடியில் மயிரிழை விரிசல். எலி தட்டிவிட்டால்? வேலை முடிந்து வந்து விடியும்வரை விமானத்துக்குக் காவல்.

“பொம்மைய பாத்துக்கினே ஒக்காந்துகினு கீற. உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?” என்று மோனிகா திட்டுகிறாள். அவளிடம் அவர் சொல்லவில்லை; ஸ்டீபனிடம் மட்டும் சொன்னார்.

“பைலட்டுக்கு ஆதார் கார்டு கீதாடா?” என்றான் எங்களோடு உட்கார்ந்திருந்த அன்புராஜ். கரண்ட் வந்தும் யாரும் எழவில்லை.

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். “மாமா ஒரு ராத்திரியாவது தூங்கணும்டா. உனக்குத்தான் கை நடுங்காது. ஒரு பொட்டி செஞ்சி குடு.”

நாளை: அக்ரிலிக் பெட்டி. உள்ளளவு 20 × 16 × 8 செ.மீ. ஸ்க்ரூ மட்டும், பசை வேண்டாம். மேல் மூடியில் இரண்டு மூச்சுத் துளை போட மறக்கக் கூடாது.