நிலத்தில் ஒன்பது துவாய்

சனிக்கிழமை மத்தியானம் லண்டனில் மிச்சம் என்ற நிறுத்தத்தில் டிராம் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மூத்தவர்தான் தொடங்கினார்.

“எங்கடை வீட்டிலை ஒன்பது துவாய் நிலத்திலை கிடக்குது.”

“ஏனக்கா?”

“ஹொலிடே போன கப்பலிலை இவர் பழகினது. குளிச்சிட்டுத் துவாயை நிலத்திலை போட்டால், ஆரோ எடுத்துக்கொண்டு போய்ப் புதுசு வைப்பினம்.”

“உங்களுக்கும் சுகமாத்தானே இருந்திருக்கும்?”

“ஓம். ஒரு கிழமை அடுப்படியைக் காணேல்லை. கடலைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சன். கோப்பை கழுவேல்லை. மத்தியானத்திலை நித்திரை கூடக் கொண்டனான்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“வந்து ஒன்பது நாள். இவர் இன்னும் நிலத்திலைதான் போடுறார்.”

“நீங்கள் எடுக்கேல்லையோ?”

“இல்லை. தாண்டிப் போறன்.”

“அப்ப துவாய் முடிஞ்சிருக்குமே?”

“முடிஞ்சுது. இண்டைக்குக் காலமை ஈரத்தோடை மாடிப்படியிலை வந்து நிண்டு, புதுத் துவாய் எங்கை எண்டு கேட்டார்.”

கையில் விரித்திருந்த பேப்பரில் நான் அதே வரியை மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன சொன்னீங்கள்?”

“கீழை ரிசெப்ஷனிலை கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”