வீமனின் வாய்க்கூட்டைக் கழற்றியது யார்

பெயர்: கிருஷ்ணராசா நகுலேஸ்வரி. வயது: நாற்பத்தொன்பது. வசிப்பிடம்: ஹவுன்ஸ்லோ, மேற்கு லண்டன், வீதியும் வீட்டு இலக்கமும் பொலிஸ் அதிகாரியிடம் உண்டு. தொழில்: ஆரம்பப் பாடசாலை ஒன்றில் மதிய இடைவேளையில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது.

நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் துசியந்தி தமிழிலேயே எழுதுகிறார். பின்னர் அவரே ஆங்கிலத்தில் மாற்றுவார். நான் கைது செய்யப்படவில்லை என்றும், விரும்பினால் பேசாமல் இருக்கலாம் என்றும், சட்டத்தரணி ஒருவரைக் கேட்கலாம் என்றும் அதிகாரி விளங்கப்படுத்தினார். எல்லாம் விளங்கியது. வீட்டில் நான் பேசாமல் இருந்தது போதும் என்பதால் பேசுகிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்வளவில் லக்‌ஷிகா என்ற ஏழு வயதுப் பிள்ளையின் வலது முன்கையைக் கடித்தது எங்கள் நாய் வீமன். லக்‌ஷிகா என் மச்சாண்டாரின், அதாவது என் கணவரின் தமையன் பாலேந்திராவின், மகள் விதுஷா பெற்ற பிள்ளை. வீமன் என் பெயரில் பதியப்பட்ட நாய். இது எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கடிக்காதபடி அவனுடைய வாயில் மாட்டும் வாய்க்கூட்டை நான் கழற்றவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீதியில் ஒரு தமிழ் வீட்டார் கோயில் தேருக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கள்ளர் உள்ளே இறங்கி, இருந்த நகை முழுவதையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போனார்கள். அதன் பின்னர் என் கணவர் கிருஷ்ணராசா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்லவ் பக்கம் ஒரு கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவரிடமிருந்து ஒரு குட்டியை வாங்கி, ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். விற்றவர் அதை அமெரிக்கன் புல்டோக் கலப்பு என்று சொல்லியிருக்கிறார். குட்டியின் தாயைக் காட்டச் சொல்லி இவர் கேட்கவில்லை. என் கணவர் வேலை செய்வது விமான நிலையத்தில், பொதிகள் ஏற்றும் பகுதியில். அங்கே எல்லோருக்கும் படம் காட்டி, "பிட்புல் வாங்கியிருக்கிறன்" என்று சொல்லித் திரிந்தார். அந்தப் பெயர் இந்த நாட்டில் நாங்கள் வந்து இறங்க முன்னரே தடை செய்யப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான்.

குட்டி வந்த அன்றே நான் கேட்டேன். இவன் வளர்ந்தால் யார் வெளியே கொண்டுபோவது, இழுத்தால் யார் பிடிப்பது, ஆட்கள் வந்து போகிற வீட்டில் எந்த அறையில் வைப்பது, நாங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, யாரையாவது கடித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி, "நாய்தானே நகுலா, அது தன்ரை பாட்டிலை வளரும்." அதிகாரி இந்த இடத்தில் நிகழ்ந்ததை மட்டும் சொல்லும்படி சொன்னார். இதுவும் நிகழ்ந்ததுதான். கடி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. பிழை அன்றைக்கே விழுந்துவிட்டது.

அதன் பின்னர் வீமன் வளர்ந்தான். என் நிறையும் அவன் நிறையும் ஏறக்குறைய ஒன்றாயிற்று. கணவருக்கு ஷிப்ட், ஷிப்ட் முடிந்தால் நித்திரை, நித்திரை முடிந்தால் தமையனோடு கோயில் கூட்டம். ஆகவே விடியவும் பின்னேரமும் வீமனைக் கொண்டுபோனது நான். ஒருநாள் பூங்காவில் அணிலைக் கண்டு இழுத்து என்னைச் சேற்றில் குப்புற விழுத்தினான். பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் நாயைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார்கள். அவர்கள் திட்டியது சரி. பிடிக்க முடியாத நாயைக் கொண்டு வெளியே வர எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதன் பின்னர்தான் ஃபெல்தமில் ஹெலன் என்ற பெண் நடத்தும் நாய்ப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். கணவர் ஒரு சனிக்கிழமைகூட அங்கே வந்ததில்லை.

வகுப்பில் ஹெலன் வீமனைவிட எனக்குத்தான் அதிகம் படிப்பித்தார். உறுமுவது நாயின் எச்சரிக்கை, அதற்காக அடிக்கவும் கூடாது, அதைக் கேட்டுச் சிரிக்கவும் கூடாது என்றார். சாப்பாடும் சின்னப் பிள்ளையும் நாயும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது என்றார். மசில் என்று சொல்லும் வாய்க்கூட்டை வலுக்கட்டாயமாக மாட்டக்கூடாது, அதன் உள்ளே பீநட் பட்டரைப் பூசி நாய் தானாக முகத்தை வைக்கும்வரை பொறுக்க வேண்டும் என்றார். நான் பொறுத்தேன். கடைசியில் வாய்க்கூட்டை எடுத்தாலே வீமன் ஓடிவந்து தானே மூக்கை நுழைப்பான்.

அதன் பின்னர் 2024 தொடக்கத்தில் எக்ஸ்எல் புல்லி நாய்களுக்குத் தடை வந்தது. வீமன் அந்த வகைதான் என்று மிருக வைத்தியர் சொன்னார். வைத்திருக்க வேண்டுமானால் விதிவிலக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டும், இனம் பெருக்காதபடி நலம் அடிக்க வேண்டும், காப்புறுதி போட வேண்டும், வெளியில் வாய்க்கூடும் இழுத்துப் பிடிக்கும் வாரும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றையும் நானே ஓடித் திரிந்து செய்தேன். சான்றிதழை யார் பெயரில் எடுப்பது என்று வந்தபோது கணவர், "எயார்போட் பாஸ் வைச்சிருக்கிறன், என்ரை பெயரிலை நாய்ச் சோலி வேண்டாம்" என்றார். பிட்புல் என்று பெருமை பேச அவர், பதிவுக்கு நான்.

அதன் பின்னர் வீட்டில் சில ஒழுங்குகள் வைத்தேன். எங்கள் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுகிறவர்கள். வர முன்னர் போன் எடுக்கச் சொன்னேன். ஆட்கள் வந்தால் வீமன் வாய்க்கூட்டோடு மேல்மாடி அறைக்குள் இருப்பான், கதவு பூட்டி இருக்கும். இதற்காக என் மச்சாண்டார் சொந்தம் முழுக்கச் சொல்லித் திரிந்தது, "நாய்க்காகச் சனத்தைத் தள்ளி வைக்கிறாள்" என்பது. கடந்த ஞாயிற்றுக்கிழமை வரை இந்த மூன்று வருடமும் வீமன் ஒருவரையும் கடித்ததில்லை. அது நாயின் நல்ல குணத்தால் மட்டும் வந்ததல்ல. அந்தப் பூட்டிய கதவால் வந்தது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைரவர் மடை. எங்கள் பின்வளவுக் கொட்டிலில் வைரவருக்கு ஒரு சூலம் நாட்டி வைத்திருக்கிறோம். வருடத்தில் ஒருநாள் பொங்கிப் படைத்து, சூலத்துக்கு வடைமாலை சாத்துவோம். நாய் வைரவரின் வாகனம் என்பது எங்கள் சமயம். அதிகாரி கேட்டபடியால் சொல்கிறேன். விடிய எழும்பியதிலிருந்து நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வீமனுக்குச் சாப்பாடு வைத்தாயிற்றா என்று கணவரைக் கேட்டேன். "ஓம், ஓம்" என்றார். வைக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. மடை முடியும்வரை வீட்டில் ஒருவரும் வாயில் எதுவும் போடக்கூடாது, வாகனமும் விரதம் இருக்கட்டும் என்று தமையன் சொன்னாராம், தம்பி கேட்டாராம். நாய்க்கு விரதமாம்! பெரியவர்கள் இருவரும் குசினியில் என் கண் முன்னாலேயே பால்தேத்தண்ணி குடித்தார்கள்.

அதன் பின்னர் ஆட்கள் வந்தார்கள். இருபது பேரளவில் இருக்கும், பிள்ளைகளும் உண்டு. வீமனை வாய்க்கூட்டோடு மேலே விட்டுக் கதவைப் பூட்டி, திறப்பைக் குசினி அலுமாரிக்கு மேல் வைத்தது நான். பூசை நடந்துகொண்டிருந்தபோது மச்சாண்டார் குசினிக்கு வந்து இன்னொரு வடைமாலை கேட்டார். சாமிப் படத்துக்குச் சாத்தவாக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் வந்த என் கணவர் அலுமாரிக்கு மேலே கையை விட்டுத் திறப்பை எடுத்ததை எண்ணெய்ச் சட்டியோடு நின்ற நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகுதான் அறிந்தேன்.

சிறிது நேரத்தில் பின்வளவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குசினி ஜன்னலால் பார்த்தேன். வீமன் சூலத்துக்கு முன்னால் நிற்கிறான், நெற்றியில் திருநீறும் சந்தனமும், கழுத்தில் நான் கோத்த வடைமாலை. என் கணவர் குனிந்து வாய்க்கூட்டின் பட்டியை அவிழ்க்கிறார். மச்சாண்டார் உரத்த குரலில், "வைரவற்றை வாகனத்தின்ரை வாயைக் கட்டிப்போட்டு வைரவருக்கு மடை வைக்கிறதோ? குடும்பத்துக்கு ஆகாது, கழட்டு தம்பி" என்கிறார். சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுக்கிறார்கள். விடியத் தொடக்கம் பட்டினி கிடந்த நாயின் மூக்குக்குக் கீழே இத்தனை வடை, அதைச் சுற்றி இத்தனை சனம். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, "கழட்ட வேண்டாம், கழட்ட வேண்டாம்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் வாய்க்கூடு என் கணவரின் கையில் இருந்தது.

வீமன் உறுமினான். அது எனக்குத் தெரிந்த உறுமல். கிட்ட வராதே என்று கேட்கிற உறுமல். நின்றவர்களில் யாரோ "வைரவர் கதைக்கிறார்" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் லக்‌ஷிகா போய் மாலையிலிருந்து ஒரு வடையைப் பிய்க்கக் கையை நீட்டினாள். பிள்ளைமேல் ஒரு பிழையும் இல்லை. பூசை முடிந்தால் மாலையிலிருந்து பிள்ளைகளுக்கு வடை கொடுப்பதுதானே வழக்கம். வீமன் அவளுடைய கையைப் பிடித்தான்.

அதன் பின்னர் சனம் சிதறி ஓடியது. மச்சாண்டார் பூசைச் சாமான் வைத்திருந்த மேசையில் ஏறி நின்றார். என் கணவர் வாய்க்கூட்டைப் பிடித்தபடி விறைத்துப் போய் நின்றார். நான் வீமனின் கழுத்துப் பட்டியை முறுக்கிப் பிடித்து, வகுப்பில் பழக்கிய சொல்லை, விடு என்று பொருள்படும் "லீவ்" என்பதை, அவன் காதுக்குள் சொன்னேன். விட்டான். அவனைக் கொட்டிலுக்குள் தள்ளி அடைத்துவிட்டு வந்து, என் சேலைத் தலைப்பைப் பிள்ளையின் கையில் இறுக்கிச் சுற்றினேன். அம்புலன்ஸ் வர முன்னரே மச்சாண்டார் மேசையிலிருந்து இறங்கி, எடுத்த படங்களை எல்லாம் அழிக்கும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பேத்தியை விதுஷாவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

லக்‌ஷிகாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. விரல்கள் அசையும் என்றும், தழும்பு போகாது என்றும் வைத்தியர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை என்னைக் கண்டதும் கையைப் போர்வைக்குள் ஒளித்தது. அதை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மச்சாண்டாரும் என் கணவரும் குசினிக்குள் வந்து என்னை இருக்கச் சொன்னார்கள். மச்சாண்டார் சொன்னது இது: "பிள்ளை, நான்தான் மறந்துபோய்க் கழட்டினனான் எண்டு சொல்லும். நாய் உம்மடை பெயரிலைதானே கிடக்கு. பொம்பிளையெண்டா எச்சரிச்சு விட்டிடுவாங்கள். தம்பியின்ரை பாஸ் போனால் என்ன செய்யிறது?" என்னுடைய வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "அது மத்தியானத்திலை கொஞ்ச நேர வேலைதானே" என்றார். பிள்ளையைக் கடிக்கவிட்டவள் என்று பதிவானவளை எந்தப் பாடசாலை பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விடும் என்று கேட்டேன். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை சொல்லேக்கை நான் என்னெண்டு மறுக்கிறது?" என்றார். மூன்று வருடம் நான் சொன்னதையெல்லாம் மறுக்க அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஆகவே பதிவில் தெளிவாக இருக்கட்டும். அறைக் கதவைத் திறந்ததும் வாய்க்கூட்டைக் கழற்றியதும் கிருஷ்ணராசா. கழற்றச் சொன்னதும், பட்டினி போடச் சொன்னதும், மாலை போட்டதும் பாலேந்திரா. வைரவரின் பெயரை இதற்குள் இழுக்க வேண்டாம். வைரவர் ஒருவரிடமும் எதையும் கழற்றச் சொல்லவில்லை.

அன்றே பொலிஸ் கொண்டுபோன வீமனை நிரந்தரமாக ஒப்படைத்துவிடுவதாக இன்றே கையெழுத்திடச் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்த பின்னர் அவனை வீட்டுக்குத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் நாய் ஒன்றே குற்றவாளி என்று வழக்கை முடிக்க நான் கையெழுத்து வைக்கமாட்டேன். நீதிமன்றம் எல்லாவற்றையும் கேட்கட்டும். கேட்ட பின்னும் அவனை ஊசி போட்டு நித்திரையாக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வந்தால், அந்த நேரம் நான் பக்கத்தில் இருக்க அனுமதிக்க வேண்டும். அன்றைக்கு அந்த வளவில் நின்றவர்களில் என் சொல்லைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

எழுதியதைத் துசியந்தி முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எவரும் என்னை வற்புறுத்திச் சொல்ல வைக்கவில்லை. இதில் தெரிந்துகொண்டு ஒரு பொய் சொல்லியிருந்தாலும் என்னை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்பது எனக்குத் தெரியும். என் கணவர் இந்த நிலையத்தின் வரவேற்பு இடத்தில் இருக்கிறார். தாங்கள் சொல்லித் தந்ததை நான் சொல்வேன் என்று நம்பி அவரே காரில் என்னைக் கூட்டிவந்தார். அடுத்ததாக அவரை உள்ளே கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொள்வேன்.

ஒப்பம்: கி. நகுலேஸ்வரி