லாரி மேல் போன சிவப்பு வண்டி

மேடையில் வீற்றிருக்கும் மூத்த உறுப்பினர்களே, அண்ணனோடு பணிபுரிந்த மருத்துவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியாரே, பழைய கார் மன்றத்துச் சகோதரர்களே, வணக்கம்!

மன்றச் செயலாளன் என்ற முறையில் உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும்.

நம் தலைவர், பல் டாக்டர், நாம் செல்லமாக ‘மூணாவது கியர்’ என்று அழைத்த அண்ணன் போய்விட்டார்! எப்பேர்ப்பட்ட மனிதர்! இரண்டே இருக்கை கொண்ட அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவர் வைத்திருந்த அழகை யார் மறப்பார்? பேட்டரியை இறங்க விடமாட்டார். பழைய பெட்ரோலைத் தொட்டியில் தங்க விடமாட்டார். ஞாயிறுதோறும் அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார். பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியர் போடுவார். அப்போது இன்ஜின் எழுப்பும் அந்தக் கனத்த குரலுக்காகத்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர்.

நாம் என்ன செய்தோம்? உறை போட்டு மூடினோம். துடைத்தோம். கண்காட்சிக்குக்கூட வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். ஓடிய தூரம் காட்டும் மீட்டர் ஏறக்கூடாது! அதுதானே நம் தாரக மந்திரம்? நின்று நின்றே என் வண்டியின் பிரேக் துருப்பிடித்து இறுகிப்போனபோது, அண்ணன்தான் வந்து தரையில் படுத்துச் சரிசெய்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “ஏன்யா, பல்லு தேஞ்சிடும்னு நீ சாப்பிடாமலா இருக்கே?” நான் சிரித்தேன். மண்டையில் ஏறவில்லை.

நம் வண்டிகளெல்லாம் பலர் ஓட்டித் தீர்த்த பிறகு நம் கைக்கு வந்தவை; புதிதாக வாங்கிய அவர் வண்டியில்தான் மன்றத்திலேயே குறைந்த மீட்டர். அதற்கு ஒரு கோப்பையும் கொடுத்தோம். ஏன் குறைவு என்று யோசித்தோமா? பாலத்தைத் தாண்டிப் போக அந்த மனிதருக்கு நேரம் ஏது? விடுமுறை நாளிலும் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதாகப் போன் வரும்; பாதி வழியில் திரும்பிவிடுவார். நோயாளிகளுக்காக அவர் விட்டுக்கொடுத்த ஊர்சுற்றலுக்குத்தான் நாம் கைதட்டினோம்!

படுக்கையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “நான் போறப்ப உங்க அண்ணிய நம்ம வண்டியில உக்கார வச்சு என் பின்னாடியே ஓட்டிட்டு வாப்பா. பாலத்துல மட்டும் மூணாவது போடு. அந்தச் சத்தம்னா அவளுக்கு உசுரு.” சரி என்று தலையாட்டினேன்.

போன வாரம், அவர் உடல் உள்ளே இருக்கும்போதே, நாம் வாசலில் கூடிக் குசுகுசுத்தோம். “இத்தனை வருஷம் காப்பாத்துன மீட்டர், இன்னிக்கு ஏத்தணுமா?” என்றார் ஒருவர். ஒருவராவது மறுத்தோமா? லாரியை வரவழைத்தோம். வண்டியை மேலே ஏற்றினோம். ஸ்டூல் போட்டு அண்ணியையும் ஏற்றினோம்! துக்கத்தில் இருந்தவர், சொன்னபடி அந்த வண்டிக்குள் உட்கார்ந்தார். தெருவே அண்ணாந்து பார்த்தது.

பாலத்தின் மேல் போகும்போது அண்ணி வண்டியின் ஹாரனை அழுத்தினார். லாரி நின்றது; நான் இறங்கி ஓடினேன். அண்ணி கேட்டார்: “தம்பி, வண்டி ரிப்பேரா?”

“இல்ல அண்ணி... மீட்டரு...” என்று இழுத்தேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “இறக்கி விடுங்க” என்றார். மீதி வழி முழுவதும் அவர் நடந்தே வந்தார். நாம் காலி வண்டியை லாரியில் சுமந்துகொண்டு பின்னால் போனோம். வெட்கக்கேடு, சகோதரர்களே! வெட்கக்கேடு!

இன்று காலை சாவி கேட்டுப் போனேன். அண்ணி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஓட்டுறதுக்கா, ஏத்துறதுக்கா?” என்று கேட்டார்.

“ஓட்டுறதுக்குத்தான் அண்ணி.”

கொடுத்தார். நம்பிக் கொடுத்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

குறைந்த மீட்டருக்கான கோப்பை இன்றோடு ஒழிந்தது. இனி ஞாயிறுதோறும் நம் வண்டிகள் ஓடும். இது அண்ணன் மீது ஆணை! இப்போது அண்ணியை அழைத்துக்கொண்டு பாலத்துக்குப் போகிறேன். யார் யார் வண்டி கிளம்புகிறதோ, ஓட்டிக்கொண்டு பின்னால் வாருங்கள். கிளம்பாதவர்கள், அன்று அண்ணி வந்ததுபோல, நடந்து வாருங்கள்.